முதல் பழைய பிக்கப்: மலையில் எதை எடுப்பது, எதை விடுவது

அக்கா மகனுக்கு 19 வயது. கோவையில் பாலிடெக்னிக் படிக்கிறான், ஆட்டோமொபைல் கடைசி ஆண்டு. போன மாதம் கோத்தகிரிக்கு வந்தவன், காபி ஆறுவதற்குள் போனை நீட்டினான். படத்தில் 1950களின் ஷெவர்லே பிக்கப். முன் மட்கார்டு இல்லை, பானட் இல்லை, இன்ஜின் வெளியே துருத்திக்கொண்டு பளபளக்கிறது. வண்டி தரையோடு தரையாகப் படுத்திருக்கிறது. "மாமா, இதே மாதிரி ஒண்ணு நம்ம கொட்டகையில செய்யலாமா? ரெண்டரை லட்சம் சேர்த்திருக்கேன், பாட்டியோட சீட்டுப் பணமும் வருது."

கூடாது என்று சொல்ல எனக்கு வாயில்லை. அவன் வயதில் நான் அடித்த கூத்துக்கு அவன் அம்மாவே சாட்சி. அதனால் அவன் பார்த்து வைத்திருந்த வண்டிகளை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னேன். நாலு இருந்தன. குன்னூர்ப் பக்கம் ஓர் எஸ்டேட் ஷெட்டில் பல வருடமாக அசையாமல் நிற்கும் ஃபார்கோ பிக்கப். கூடலூரில், பின்பக்கம் தொட்டி கட்டிய பெட்ரோல் ஜீப். கட்டபெட்டில் இன்றைக்கும் கேரட் மூட்டை சுமந்துகொண்டிருக்கும் 1992ஆம் வருட மஹிந்திரா டீசல் பிக்கப். நாலாவது, கீழே ஒரு பட்டறையில் அம்பாசடரைப் பாதியில் வெட்டிப் பிக்கப்பாக மாற்றித் தருகிறார்களாம்.

அழகை வைத்துப் பார்த்தால் ஃபார்கோதான். நான் அவனிடம் கேட்டது வேறு. நாலில் எதை முதல் மாதமே ஓட்டிப் பார்க்க முடியும்? எதற்குக் காகிதம் உயிரோடு இருக்கிறது? எது மேட்டுப்பாளையம் வரை இறங்கி, நிற்கச் சொன்ன இடத்தில் நிற்கும்?

படத்தில் இருந்த மாதிரி, கனத்தைக் கழற்றி எறிந்து வேகத்துக்காக மாற்றிய பழைய வண்டிக்கு ஹாட் ராட் என்று பெயர். அது பிறந்த இடத்தைக் கொஞ்சம் பார்த்துவிட்டால் இந்தக் கேள்விகள் ஏன் என்று புரியும். 1930களில் கலிபோர்னியாவில், கையில் காசில்லாத பையன்கள் பழைய ஃபோர்டுகளைக் கிலோ கணக்கு விலையில் வாங்கி, மட்கார்டு, பம்பர் என்று கனமான எல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிட்டு, வற்றிய ஏரிப் படுகைகளில் வேகம் பார்த்தார்கள். 1932இல் ஃபோர்டு மலிவு விலைக் காரில் வி8 இன்ஜினைக் கொடுத்தது. 221 கன அங்குலம், 65 குதிரைத்திறன். அப்புறம் என்ன, அந்த இன்ஜின்தான் அவர்களுக்குக் குலதெய்வம். போர் முடிந்து ஊர் திரும்பிய இளைஞர்கள் அந்தப் பித்தை இன்னும் பெரிதாக்கினார்கள். எல்லாம் சரி, அந்த ஏரிப் படுகை தாம்பாளம் மாதிரி மைல் கணக்கில் தட்டை. வளைவு கிடையாது, எதிரே அரசு பஸ் வராது. வெயில் காய்கிற ஊர், துரு என்ற பேச்சே இல்லை. கோடு போட்ட மாதிரி நேராக ஓடுவதற்காகச் செய்த வண்டி அது.

இங்கே ஊட்டி 2,240 மீட்டர் உயரம். உயரம் ஏற ஏறக் காற்று மெலிந்துபோகும். 300 மீட்டருக்கு ஏறத்தாழ 3 விழுக்காடு சக்தி குறையும் என்பது பழைய இன்ஜின்களுக்கான கணக்கு. கோவையில் 70 குதிரை இழுக்கிற இன்ஜின் ஊட்டியில் 56, 57தான் இழுக்கும். பெட்ரோலையும் காற்றையும் கலக்கிற கார்ப்பரேட்டரைக் கீழே சரியாகச் செட் செய்திருந்தாலும், மேலே வந்ததும் பெட்ரோலை அதிகம் ஊற்றிக் கரும்புகை கக்கும். தண்ணீர்கூட ஊட்டியில் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும்; மூடி சரியாகப் பிடிக்காத ரேடியேட்டரோடு மலை ஏறிப் பாருங்கள், பர்லியார் தாண்டுவதற்குள் ஆவி பறக்கும். அந்தப் புகழ்பெற்ற ஃபோர்டு வி8க்கே சூடு ஒரு பெரிய நோய். புகை வெளியேறும் வழி இன்ஜின் கட்டைக்குள்ளேயே சுற்றிப் போகும், அந்தச் சூடு முழுக்கத் தண்ணீரில் இறங்கும். தட்டைத் தரையில் ரெண்டு நிமிடம் ஓடி நிறுத்துகிறவனுக்கு அது பொருட்டில்லை. குஞ்சப்பனையிலிருந்து அரவேனு வரை ரெண்டாவது கியரில் ஏறுகிறவனுக்குப் பொருட்டு.

இறங்குவது அதைவிடப் பெரிய விஷயம். ஏறும்போது வண்டி நின்றுபோனால் ஓரமாகக் கல்லைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கலாம். இறங்கும்போது அந்த வசதி கிடையாது. கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் போர்டு வைத்தே சொல்லியிருக்கிறார்கள், ரெண்டாவது கியரில் இறங்கு என்று. மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

காகிதத்திலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் நான் ஏமாந்தது அங்கேதான். இருபது வயதில் நான் வாங்கிய முதல் ஜீப்புக்கு ஆர்சி புக் "இருக்கு, வீட்ல தேடணும்" என்றார் விற்றவர். அந்தத் தேடல் இன்றுவரை முடியவில்லை. ஆர்சியில் பெயருள்ளவர் இறந்துபோய், வாரிசுகள் மூன்று ஊர்களில் இருந்தால், வண்டியின் விலையைவிட அலைச்சல் அதிகம். ஆகவே வண்டியைப் பார்க்கப் போகும்போது டார்ச்சும் கம்பி பிரஷ்ஷும் கையில் இருக்கட்டும். சேஸிஸில், அதாவது வண்டியைத் தாங்கும் அடிச்சட்டத்தில், எண் பொறித்த இடத்தைத் தேய்த்து, ஆர்சியோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இன்ஜின் எண்ணும் அப்படியே. எரிபொருள் என்ன என்று எழுதியிருக்கிறது என்பதையும் பாருங்கள். நம் மலையில் பெட்ரோல் ஜீப்புக்கு டீசல் இன்ஜின் மாற்றுவது ஒரு காலத்தில் முடி வெட்டிக்கொள்வது மாதிரி சாதாரணம். ஆர்சியில் மட்டும் இன்னும் பெட்ரோல் என்றே இருக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது? மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி, கம்பெனி கொடுத்த விவரத்துக்கும் ஆர்சியில் உள்ளதற்கும் முரணாக வண்டியை மாற்றக்கூடாது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதைக் கறாராகச் சொல்லிவிட்டது. மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது ரெண்டும். படத்தில் பார்த்த ஷெவர்லேயை அச்சு அசலாக இங்கே செய்தால் அபராதக் கணக்கே தனி நோட்டில் எழுத வேண்டிவரும். அதற்கும் மேல், விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பதும் இதைத்தான்.

ஃபார்கோ வைத்திருப்பவர் "விண்டேஜ் நம்பர் வாங்கிக்கலாம் தம்பி" என்று பையனிடம் சொல்லியிருக்கிறார். 2021 ஜூலையில் வந்த விதி அது. முதல் பதிவிலிருந்து 50 வருடத்துக்கு மேல் ஆன, சொந்த உபயோக வண்டிக்கு 20,000 ரூபாய் கட்டினால் 'விஏ' எழுத்துகளோடு தனி எண் கிடைக்கும், 10 வருடத்துக்குச் செல்லும், அப்புறம் புதுப்பிக்க 5,000. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் சேஸிஸ், பாடி, இன்ஜின் இவற்றில் பெரிய மாற்றம் எதுவும் இருக்கக்கூடாது. கண்காட்சி, அணிவகுப்பு, ஆராய்ச்சி, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது, இவ்வளவுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம். தினமும் ஓட்ட முடியாது. எஸ்டேட் பெயரில் சரக்கு வண்டியாகப் பதிவான பிக்கப்புக்கு அந்தக் கதவு திறப்பதே கஷ்டம். ஆக, ஹாட் ராடாக்கினால் விண்டேஜ் போச்சு, விண்டேஜாக வைத்தால் ஹாட் ராட் போச்சு. ஒரே வண்டியில் ரெண்டு மாப்பிள்ளை உட்கார முடியாது.

இனி வண்டிகளுக்கு வருகிறேன்.

அம்பாசடரை ஒரு பத்தியில் முடித்துவிடலாம். மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையை வைத்துச் செய்த கார் அது. 2014 வரை வந்தது, உதிரிபாகம் தெருத்தெருவாகக் கிடைக்கும். ஆனால் அதற்குத் தனியாக சேஸிஸ் கிடையாது. பாடியே எலும்புக்கூடு. கூரையையும் பின் தூணையும் வெட்டினால் முட்டை ஓட்டை உடைத்த மாதிரி, மிச்சத்துக்குப் பலமில்லை. வெட்டிய இடத்தில் நாலு ஆங்கிளை வெல்டிங் அடித்துத் தருவார்கள். வளைவில் திரும்பும்போது கதவு தானாகத் திறக்கிற அம்பாசடர் பிக்கப்பை நானே பார்த்திருக்கிறேன். சட்டமும் இடம் தராது. வேண்டாம்.

ஃபார்கோ பக்கம் கொஞ்சம் நின்று பார்க்கலாம், ஏனென்றால் பையனின் மனசு அங்கே இருக்கிறது. என்னுடையதும்தான். அமெரிக்காவின் கிரைஸ்லர் குடும்பத்துப் பிள்ளை அது. டாட்ஜும் ஃபார்கோவும் அடிப்படையில் ஒரே வண்டி, நெற்றிப் பொட்டுதான் வேறு. அந்தக் காலத்தில் பம்பாயில் பிரீமியர் கம்பெனி கிரைஸ்லர் உரிமத்தில் வண்டிகளைப் பூட்டி விற்றது. வரிசையாக ஆறு சிலிண்டர், வால்வு எல்லாம் பக்கவாட்டில் இருக்கிற பழைய பாணி இன்ஜின். ஐடில் ஓடும்போது கேட்டால் தாத்தா வெற்றிலை மெல்லுகிற மாதிரி நிதானமான சத்தம். பின்தொட்டிக்கு அடியில் மரப் பலகை. இப்படி ஒன்றை ஓட்டிக்கொண்டு ஊட்டி சேரிங்கிராஸைத் தாண்டினால் யார் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்?

ஷெட்டுக்குப் போய்ப் பார்த்தோம். நான் கொண்டுபோனது ஒரு ஸ்குரூ டிரைவரும், துணி சுற்றிய காந்தமும். காந்தத்தைக் கதவின் கீழ்ப்பகுதியில் வைத்தால் ஒட்டவில்லை, நழுவியது. அங்கே தகரம் இல்லை, ஓட்டையை அடைத்துப் பூசிய பட்டிதான் இருக்கிறது. ஸ்குரூ டிரைவரைப் பின் ஸ்பிரிங் பட்டை மாட்டும் இடத்துக்கு மேல் சேஸிஸில் வைத்து அழுத்தினேன். உள்ளே போனது. பையன் முகம் சுருங்கிவிட்டது. தென்மேற்கு மழையும் வடகிழக்கு மழையும் நமக்கு உண்டு, நடுவில் பனிமூட்டம். கூரை இருந்தாலும் ஈரம் உள்ளே வந்து குடியிருக்கும். அந்த சேஸிஸைச் சரிசெய்ய பாடியை முழுக்கத் தூக்க வேண்டும். இன்ஜினுக்குப் பிஸ்டன், ரிங், பேரிங் கனடாவிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ வர வேண்டும். டாட்ஜ் பாகம் பொருந்தும் என்பது ஒரு நல்ல விஷயம், சுங்க வரி கட்டுவது கெட்ட விஷயம். ஆறு சிலிண்டர் கட்டையைப் போர் போட, அதாவது தேய்ந்த துளைகளைக் கடைந்து சீராக்க, கீழே கோவைக்குத்தான் இறக்க வேண்டும். பத்து வருட அனுபவமும் பாங்கியில் காசும் இருக்கிறவர் எடுக்க வேண்டிய வண்டி. அவரும் அதை வெட்டாமல் அப்படியே வைத்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

கூடலூர் ஜீப். சிஜே 3பி என்கிற இதன் கதை சுவையானது. வில்லிஸ் கம்பெனி 1953இல் கொண்டுவந்தபோது இன்ஜின் உயரமாகிவிட்டது. உள்ளே போகும் வால்வு மேலே, வெளியே போகும் வால்வு கட்டையில் பக்கவாட்டில் என்று ஓர் அமைப்பு. அதை மூட பானட்டை உயர்த்தினார்கள். அதனால்தான் அந்த வண்டிக்கு நெற்றி தூக்கலாக இருக்கிறது. 134 கன அங்குலம், நம் கணக்கில் 2.2 லிட்டர். மஹிந்திரா அதை இங்கே பல பத்தாண்டுகள் செய்தது. அதனால் கிரௌன், கியர், பிரேக் சூ, ஸ்டியரிங் சாமான் என்று கோவை உக்கடத்திலோ சென்னை புதுப்பேட்டையிலோ சுற்றினால் கிடைத்துவிடும். ஒரு புதியவன் இன்ஜின் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பாடப் புத்தகம் கிடையாது. பானட்டைத் தூக்கினால் எல்லாமே கைக்கு எட்டும், கம்ப்யூட்டர் எதுவும் இல்லை. பாயிண்ட், காயில், கண்டென்சர், கார்ப்பரேட்டர், அவ்வளவுதான்.

ஆனால் பெட்ரோல் வண்டிக்கு இப்போது ஒரு புதுத் தலைவலி. 2023 முதல் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் வரத் தொடங்கி, இன்றைக்குப் பெரும்பாலான பம்புகளில் அதுதான். பழைய ரப்பர் ஹோஸ், பெட்ரோல் பம்பின் டயாஃப்ரம், கார்ப்பரேட்டர் வாஷர் எல்லாவற்றையும் எத்தனால் ஊறவைத்துப் பதம் பார்த்துவிடும். அதோடு அது காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். ஜூலை, ஆகஸ்ட்டில் ரெண்டு மாதம் ஓட்டாமல் நிறுத்திய வண்டியின் டேங்க் அடியில் தண்ணீரும் துருவும் சேர்ந்து காபி டிகாக்‌ஷன் மாதிரி ஒன்று நிற்கும். எத்தனால் தாங்கும் ஹோஸ், புது டயாஃப்ரம், இன்ஜினுக்கு முன் ஒரு ஃபில்டர், இந்த மூன்றும் முதல் வாரமே போட வேண்டியவை. பனிக் காலையில், பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடுகிற டிஸ்ட்ரிபியூட்டரின் மூடிக்குள் வியர்த்திருக்கும். கழற்றி உலர்ந்த துணியால் துடைத்தால்தான் ஸ்டார்ட் ஆகும். பையனுக்கு இது ஒரு சுகமாகக்கூடத் தோன்றலாம். ஆறு மணி பஸ்ஸைத் தவறவிட்டவனைக் கேளுங்கள்.

நான் அஞ்சுவது இந்த ஜீப்பின் பிரேக்கைப் பற்றி. பெடலை மிதித்ததும் பிரேக் ஆயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டரில் ஒரே அறை. நாலு சக்கரத்துக்கும் ஒரே பிரேக் ஆயில் வழி. ஒரு சக்கரத்தில் ஆயிலைத் தடுத்து நிறுத்தும் ரப்பர் கிழிந்தால் நாலிலும் பிரேக் இல்லை.

எனக்கு அது நடந்தது. ரெண்டாவது ஜீப், குஞ்சப்பனைக்கு மேலே, மாலை நேரம். முதல் நாள்தான் வீல் சிலிண்டர் ரப்பர் மாற்றியிருந்தேன். கடையில் வருடக்கணக்காகக் கிடந்த சரக்கு என்று அப்புறம்தான் தெரிந்தது. வளைவுக்கு முன் பெடலை மிதித்தேன், சேற்றில் கால் வைத்த மாதிரி மெதுவாக உள்ளே இறங்கியது. மறுபடி மிதித்தால் தரையில் போய்த் தட்டுகிறது. பிரேக் ஆயிலின் அந்த மீன் வாடை கேபினுக்குள் வந்தது. ரெண்டாவது கியரில் இருந்ததால் வேகம் 20ஐத் தாண்டவில்லை. முதல் கியருக்குப் போக முயன்றேன். அந்தக் கியர்பாக்ஸில் முதல் கியருக்கு சிங்க்ரோ, அதாவது ஓட்டத்தில் பல்லோடு பல்லைச் சத்தமில்லாமல் சேர்க்கிற அமைப்பு, கிடையாது, கறகறவென்று பல் கடித்ததே தவிர விழவில்லை, வண்டி நியூட்ரலில் ஓடத் தொடங்கிவிட்டது. எப்படியோ மறுபடி ரெண்டில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை ரெண்டு கையாலும் இழுத்தேன். இந்த ஜீப்புகளில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை. கியர்பாக்ஸுக்குப் பின்னால் பின் ஷாஃப்டைப் பிடிக்கிற தனி டிரம். ஆயில் வழியோடு சம்பந்தமில்லாததால் அது மட்டும் உயிரோடு இருந்தது. மலைப்பக்கத்து வாய்க்காலில் இடது சக்கரத்தை இறக்கி நின்றேன். கால் நடுக்கம் நிற்க ஒரு பஸ் போகிற நேரம் ஆனது.

ஆகவே கூடலூர் ஜீப்பை எடுத்தால், ரெண்டு அறை உள்ள மாஸ்டர் சிலிண்டர் போட்டு முன்னும் பின்னும் தனித்தனி வழியாகப் பிரிக்காமல் மலையில் இறக்கக்கூடாது என்பது என் கட்சி. செய்யத் தெரிந்த மேஸ்திரிகள் உண்டு. இன்னொன்று, அந்த வண்டியில் பின்தொட்டி கம்பெனி கட்டியதா, இடையில் யாராவது கட்டியதா என்று ஆர்சியில் பாடி வகையைப் பார்த்தால் தெரிந்துவிடும். கூடலூர்க்காரர் ஆர்சி நகலை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன் என்றார். மூன்று வாரமாக அனுப்பிக்கொண்டிருக்கிறார்.

கட்டபெட்டு டீசல் பிக்கப்பைப் பற்றிச் சொன்னதும் பையன் உதட்டைப் பிதுக்கினான். "மாமா, அது சும்மா லோடு வண்டி." உண்மைதான், லோடு வண்டிதான். உள்ளே இருக்கிறது பெஜோவிடம் உரிமம் வாங்கி மஹிந்திரா செய்த 2,112 சிசி டீசல். மெக்கானிக்கல் பம்ப், டிஸ்ட்ரிபியூட்டர் இல்லை, பாயிண்ட் இல்லை. பனிமூட்டத்தில் நனைந்தாலும் அதற்குக் கவலையில்லை. ஜனவரி உறைபனியில் மட்டும் ஹீட்டர் பிளக்கைச் சூடாக்கிக் காத்திருக்க வேண்டும். நாலில் ஒரு பிளக் போயிருந்தாலும் வெள்ளைப் புகையோடு முனகும். குறை இல்லாமல் இல்லை. ஆக்ஸிலேட்டரை விட்டதும் பெட்ரோல் இன்ஜின் பிடிக்கிற அளவுக்கு டீசல் இன்ஜின் வண்டியை இழுத்துப் பிடிக்காது. அதனால் ஒரு கியர் குறைத்தே இறங்க வேண்டும். மிதியை லேசாக்குகிற பிரேக் பூஸ்டருக்கு வேண்டிய வேக்குவம் (காற்றை உறிஞ்சும் இழுவை) ஓடுகிற இன்ஜினிலிருந்து வருகிறது. டீசல் மிச்சம் என்று இன்ஜினை அணைத்து நியூட்ரலில் உருட்டிக்கொண்டு இறங்குகிற மகானுபாவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ரெண்டு மூன்று மிதியிலேயே பெடல் கல்லாகிவிடும்.

பார்க்கப் போனபோது வண்டி அப்போதுதான் கேரட் இறக்கிவிட்டு வந்து நின்றது. பானட் சூடு. அதனாலேயே எனக்கு முதல் மதிப்பெண் போடத் தோன்றியது, ஓடுகிற வண்டி பொய் சொல்லாது. தொட்டியின் அடித் தகரம் பல இடத்தில் தின்றுபோயிருக்கிறது. கோழி எருவும் பொட்டாஷும் ஏற்றிய வண்டி எல்லாம் அப்படித்தான், உப்பு தகரத்தை விடாது. ஆனால் சேஸிஸில் ஸ்குரூ டிரைவர் நுழையவில்லை. பிரேக் ஆயில் டப்பாவைத் திறந்தால் உள்ளே ரெண்டு அறை. ஸ்டியரிங்கில் ரெண்டு விரல் ஆட்டம், மூன்றாவது கியர் சமயத்தில் தானாகக் கழன்றுவிடுகிறது. ஆர்சி கையில் இருக்கிறது, எஃப்சி என்கிற தகுதிச் சான்று நடப்பில் இருக்கிறது. 8 வயதைத் தாண்டிய சரக்கு வண்டிக்கு வருடா வருடம் எஃப்சி காட்ட வேண்டும். செலவுதான், ஆனால் புதியவனுக்கு அது ஒரு வாத்தியார் மாதிரி. பிரேக், லைட், ஸ்டியரிங் இவற்றை வருடத்துக்கு ஒருமுறை ஒழுங்காக்கியே தீர வேண்டும்.

இதே மாதிரி இன்னும் ஒரு வழி உண்டு, டாடா 207. 1988இல் வந்த டாடாமொபைல் குடும்பம். கேபின் கார் மாதிரி வசதியாக இருக்கும். நல்லது கிடைத்தால் எடுக்கலாம். எனக்கு மஹிந்திராவின் தட்டைத் தகரமும் வெளியே தெரிகிற கதவுக் கீலும்தான் பிடிக்கும். அரசுத் துறை ஏலத்தில் ஜீப் மலிவாக வருகிறது என்று யாராவது சொன்னால் மட்டும் காதைப் பொத்திக்கொள்ளுங்கள். 2023 ஏப்ரலிலிருந்து 15 வருடம் தாண்டிய அரசு வண்டிகளின் பதிவு முடிந்துபோகிறது, உங்கள் பெயருக்கு மாறாது.

பையன் கேட்டான், "அப்ப ஹாட் ராட் கிடையாதா?" கழற்றி மாட்டக்கூடியதில் எவ்வளவோ செய்யலாம் என்றேன். தொட்டியின் தின்றுபோன தகரத்தை எடுத்துவிட்டு, அந்தக் கால ஷெவர்லே மாதிரி மரப் பலகையும் நடுவில் இரும்புப் பட்டையும் போடலாம். சில்வர் ஓக் நம் தோட்டத்திலேயே நிற்கிறது என்று பாட்டி சொல்வாள். அது மழைக்கு ஆகாது, பழைய வீட்டுத் தேக்கோ வேங்கையோ பார். டேஷ்போர்டில் எண்ணெய் அழுத்தம், தண்ணீர்ச் சூடு காட்டுகிற முள் மீட்டர்கள். மலைக்கு அவை அலங்காரம் இல்லை, தேவை. ஒரே நீள சீட், மெல்லிய ஸ்டியரிங் வளையம். நிறம் மாற்றினால் ஆர்சியில் பதிய வேண்டும், அதை மறக்காதே. வண்டியைத் தாழ்த்துகிற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். நம் ரோட்டில் மழைக்கு அப்புறம் எஸ்டேட் வழியில் ஒரு தடவை போனால் இன்ஜினுக்கு அடியில் எண்ணெய் நிற்கிற சம்ப் கல்லில் இடிக்கும்.

பணத்தைப் பற்றி அவனுக்கு நான் சொன்ன கணக்கு எளிது. கையில் இருப்பதில் பாதிக்கு மேல் வண்டி விலைக்குப் போகக்கூடாது. மிச்சத்தில் முதல் பங்கு பிரேக்குக்கும் ஸ்டியரிங்குக்கும் டயருக்கும். அப்புறம் ரேடியேட்டர், தண்ணீர் ஹோஸ். அதற்கப்புறம் கியர்பாக்ஸ். டிங்கரிங்கும் பெயின்ட்டும் கடைசி. எல்லாரும் இதைத் தலைகீழாகச் செய்வார்கள், பெயின்ட் அடித்ததும் காசு தீர்ந்துவிடும், பளபளவென்று ஒரு வண்டி பிரேக் இல்லாமல் கொட்டகையில் நிற்கும்.

இன்னொன்றும் சொன்னேன், அதுதான் எனக்கு முக்கியம். ஒரு நேரத்தில் ஒரு பாகம்தான் கழற்ற வேண்டும். அதைச் சரிசெய்து மாட்டி, ஓட்டிப் பார்த்த பிறகு அடுத்தது. என் முதல் ஜீப்பை நான் ரெண்டே வாரத்தில் கடைசி போல்ட் வரை பிரித்தேன். நட்டு, போல்ட்டெல்லாம் ஹார்லிக்ஸ் பாட்டில்களில், ஒவ்வொன்றிலும் பேப்பர் ஒட்டி எழுதி வைத்தேன். முதல் மழையில் பேப்பரைப் பூச்சி தின்றது. ரெண்டாவது மழையில் பெயின்ட் இல்லாத சேஸிஸில் துரு செதில் செதிலாக எழும்பியது. எந்த பாட்டில் எதற்கு என்று தெரியாமல் போனது. மூன்றாவது வருடம் காயலான் கடைக்காரர் வந்து தராசு வைத்தார். அக்கா அன்றைக்கு ஒன்றும் பேசாமல் அவருக்கும் சேர்த்துக் காபி போட்டுக் கொடுத்தாள்.

போன ஞாயிற்றுக்கிழமை கட்டபெட்டு வண்டிக்கு முன்பணம் கொடுத்தாயிற்று. பையனின் போனில் இன்னும் அந்த ஷெவர்லேதான் முகப்புப் படம், இருக்கட்டும். நாலு சக்கரத்துக்கும் வீல் சிலிண்டர் கிட் வாங்கிவிட்டான். பாக்கெட்டில் தயாரித்த தேதியைப் பார்த்து வாங்கு என்று சொல்லியிருந்தேன், பார்த்திருக்கிறான். ஐப்பசி மழைக்குள் பிரேக்கும் ஸ்டியரிங்கும் முடிய வேண்டும் என்பது ஏற்பாடு. ஓட்டுவதில் மட்டும் ஒரு சிக்கல். கார் லைசென்ஸே இந்த எடை வண்டிக்குப் போதும் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் சொல்லிவிட்டது, ஆனால் மஞ்சள் போர்டு வண்டியைப் பொது ரோட்டில் ஓட்ட 20 வயது ஆகியிருக்க வேண்டும். அவனுக்கு மார்ச்சில்தான் 20. அதுவரைக்கும் சீட்டில் நான், வண்டிக்கு அடியில் அவன்.